திராட்சைத் தொட்டி

அத்தியாயம் பதினான்கு

வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்த தொழிலைச் சேத்தூர் மலையடிவாரத்தில் ஊன்றிவிடலாம் என்று சுந்தரபாண்டியன் ஆசைப்பட்டான். அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு குடும்பமே இழுபட்டுக்கொண்டு வருவதைத்தான் இத்தனை வாரமாகப் பார்த்து வருகிறோம்.

கப்பலில் துப்புரவு வேலைக்குப் போனவன் சைப்ரஸ் தீவில் இறங்கிக்கொண்டான். கீழே வெள்ளைக்காரர்கள் வெயில் காய்கிற கடற்கரை. மேலே மலைக் கிராமங்களில் திராட்சைத் தோட்டமும் ஒயின் சாலையும். அங்கே ஐந்தாறு வருஷம் உழைத்துவிட்டு, தொண்ணூற்று ஒன்றில் ஊர் திரும்பினான். வந்ததும் பருத்தி போட்டிருந்த நிலத்தில் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டான். இந்த வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஆனால் மழை விழுந்து வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் சீண்டவில்லை.

"ஒயின் போட பெர்மிட் பொறவு வாங்கிக்கிடலாம். அதுக்குள்ள பழம் அழுகிருமே" என்று பருத்தி மூட்டை அடுக்கி வந்த பழைய கிட்டங்கிக்குள் இருந்த சிமெண்டுத் தொட்டியில் அத்தனையையும் மிதித்துப் போட்டான். அண்ணன் உக்கிரபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. தம்பி செய்வது தெரிந்தும் தெரியாதவர் போல இருந்தார்.

சுந்தரபாண்டியனின் மனைவி வெள்ளத்தாய்க்கு அந்தத் தொட்டியே பிடிக்காது. மூடி போட்ட இருட்டுக்குள் அது நாள் முழுக்கக் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். உள்ளே எதுவோ மூச்சு விடுகிற மாதிரி.

அன்று வெள்ளிக்கிழமை. பெர்மிட் விஷயமாகச் சுந்தரபாண்டியன் விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போயிருந்தான். பால் சொசைட்டியில் இருந்து ஆள் வந்து, "போன் வந்திருக்கு, ஏட்டய்யா லைன்ல இருக்காக" என்றான். வெள்ளத்தாய் ஈரக் கையோடு ஓடினாள்.

"ஏம்மா வெள்ளத்தாயி, தொட்டியில எம்புட்டுக் கெடக்கு?"

"முக்காத் தொட்டி கெடக்கு மச்சான்."

"மத்தியானத்துக்குள்ள ஒரு சொட்டு இருக்கப்படாது. மதுவிலக்கு ஜீப்பு கெளம்புது. சேத்தூர்ப் பக்கம்னு என் காதுல விழுந்துச்சு. சக்கையும் கெடக்கப்படாது. சக்கையப் பாத்தாலே கேஸப் போட்டுருவான்."

"அவிய அங்கனதான வந்திருக்காக மச்சான்? அவிய வந்து..."

"அவன் ஆபீஸ் வாசல்ல குத்தவச்சிருக்கான். தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரேன். அதுவரைக்கும் கையக் கட்டிட்டு நிக்காத. மலைச்சாமிய வச்சு வேலைய முடி."

போன் வைக்கப்பட்டது.

மலைச்சாமி பந்தலுக்குக் கீழே களை வெட்டிக்கொண்டிருந்தான். கீழத்தெருக்காரன். இந்தத் தோட்டத்துக்கு முதல் குழி வெட்டியதே அவன்தான். ஒரு காலத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன். அய்யனார் கோவில் அருவியில் தலை முழுகிச் சத்தியம் செய்த பிறகு தொடவில்லை. திராட்சையை மிதித்த நாளில் கூட, ருசி பார்க்கச் சொன்ன சுந்தரபாண்டியனிடம், "வேண்டாம் அண்ணாச்சி, நாக்குக்கு நெனப்பு வந்துரும்" என்று தள்ளி நின்றவன்.

இருவருமாக ஆயில் இஞ்சினை இழுத்து வந்து, ஓஸ் குழாயைத் தொட்டிக்குள் விட்டார்கள். கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த ஓடையில் சிவப்பாகப் பாய்ந்தது. வெள்ளத்தாய் அதைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்கும் போதெல்லாம் கிட்டங்கி வாசலுக்கு ஓடினாள்.

கடைசியில் ஓஸில் சக்கை அடைத்துக்கொண்டு நின்றது. தொட்டி ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். அடியில் முழங்கால் அளவு சக்கை கிடந்து நுரைத்தது.

மலைச்சாமி ஏணியை உள்ளே இறக்கினான். கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டான். ஒரு காலைத் தொட்டிச் சுவரில் வைத்தவன் நின்றான்.

"அக்கா, அண்ணாச்சி மொதல்ல வெளக்கக் கயித்துல கட்டி எறக்கிப் பாப்பாகளே? அணைஞ்சா எறங்கப்படாதும்பாகளே?"

வெள்ளத்தாய்க்கும் அது தெரியும். சைப்ரஸில், தான் வேலை பார்த்த ஊரிலேயே, அண்ணன் தம்பி இருவர் இப்படித் தொட்டிக்குள் இறங்கி, பழம் புளிக்கும்போது அடியில் தேங்குகிற காற்றில் மூச்சு முட்டிச் செத்ததைச் சுந்தரபாண்டியன் சொல்லியிருக்கிறான். முதலில் இறங்கியவன் விழுந்தான், தூக்கப் போனவனும் விழுந்தான் என்று. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நடந்ததைச் சோறு போட்டுக்கொண்டே கேட்டவள் அவள். வீட்டில் இருந்து விளக்கை எடுத்து வர வேண்டும். எண்ணெய் இருக்கிறதோ என்னவோ. ஜீப்பு எந்த நேரமும் வரலாம்.

"அது நெறஞ்சு கெடக்கும்போதுல்லா? இப்பத்தான் காலியாயிருச்சே. எறங்கு மலைச்சாமி, நேரமில்ல."

"சரிக்கா" என்று இறங்கினான்.

முதல் கூடை மேலே வந்தது. வெள்ளத்தாய் கயிற்றை இழுத்துச் சக்கையைக் கொட்டிவிட்டு வெறுங் கூடையை இறக்கினாள்.

"மண்ட ஒரு மாதிரி இருக்குக்கா" என்றான் மலைச்சாமி. குனிந்து மண்வெட்டியைச் சக்கைக்குள் விட்டான். குனிந்தவன் நிமிரவில்லை. களைத்துப் போனவன் சற்று நேரம் உட்காருவது போல அப்படியே உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தான்.

"மலைச்சாமி! ஏ மலைச்சாமி!"

வெள்ளத்தாய் ஏணியில் கால் வைத்தாள். கொஞ்சம் இறங்கியதுமே மூக்குக்குள் ஊசி குத்தியது போல ஒரு புளிப்பு ஏறியது. மூச்சு பிடித்துக்கொண்டது. கண் இருட்டியது. எப்படி மேலே ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. தொட்டிச் சுவரைக் கட்டிக்கொண்டு இருமினாள். கயிற்றை விட்டாள், கத்தினாள், "பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ" என்றாள். கீழே அசைவில்லை. தோட்டத்தைத் தாண்டி ரோட்டுக்கு ஓடினாள். வெயிலில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது.

அப்போதுதான் புல்லட் சத்தம் கேட்டது. உக்கிரபாண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் சுந்தரபாண்டியன்.

அவள் சொல்லி முடிக்கும் முன்பே சுந்தரபாண்டியன் கிட்டங்கிக்குள் பாய்ந்தான். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"வெளக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட அவளுக்கு அழுகை வந்திருக்கும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கொண்டு வந்து, மலைச்சாமியின் அரைஞாண் கயிற்றிலும் வேட்டியிலும் கொக்கியை மாட்டி, அண்ணனும் தம்பியுமாக மேலே இழுத்தார்கள். தரையில் கிடத்தி, நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். வாயோடு வாய் வைத்து ஊதினான். கடைசியில் கைகளை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான்.

உக்கிரபாண்டி போய்க் கிட்டங்கிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். காக்கி பேண்டுக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏலே சுந்தரம், அழுறதுக்கு நேரம் கெடக்கு. நான் சொல்லுறதக் கேளு. இது வெளிய தெரிஞ்சா நீ உள்ள போயிருவ. போன்ல தகவல் சொன்னவன் நானு. என் வேலை போயிரும். எம்புள்ளைக நடுத்தெருவுல நிக்கும்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்ணே."

"எதுக்கு? எந்திரிச்சு உக்காருவானா? பின்னால கெணறு இருக்கு. குடிச்சிட்டு விழுந்துட்டான். அம்புட்டுத்தான்."

"அவன் குடிக்க மாட்டான் மச்சான்" என்றாள் வெள்ளத்தாய். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"முன்ன குடிச்சவன்தானம்மா? ஊரு நம்பும். ஒடம்பு பூராவும் வாடை அடிக்குது பாரு."

சுந்தரபாண்டியன் அண்ணனைப் பார்த்தான். பிறகு மலைச்சாமியைப் பார்த்தான். குனிந்து அவன் கால்மாட்டைத் தூக்கினான்.

வெள்ளத்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். கிணற்றுப் பக்கம் இருந்து தண்ணீரில் விழுகிற சத்தம் வந்தது. தடுக்கவில்லை.

ஜீப்பு கடைசி வரைக்கும் வரவில்லை. பிளவக்கல் பக்கம் காட்டுக்குள் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்று, காலையிலேயே அது வத்திராயிருப்பு ரோட்டில் போய்விட்டதாம். பிற்பாடு யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள்.

மலைச்சாமியின் மனைவி பேச்சியம்மா மிளகாய் பறித்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்து ஓடி வந்தாள். மடியில் இருந்த மிளகாய் வழி நெடுகச் சிந்தியது. அதற்குள் கிணற்றில் இருந்து உடலை எடுத்துப் பந்தல் நிழலில் போட்டிருந்தார்கள். ஊர் கூடிவிட்டது.

குனிந்து பார்த்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "பழையபடி ஆரம்பிச்சுட்டானா?" என்று ஒருவர் கேட்டார். "விட்ட மாதிரி நடிச்சிருக்கான்" என்றார் இன்னொருவர்.

"இல்லய்யா! அவரு தொடுறதில்லய்யா! அய்யனாருக்குச் சத்தியம் பண்ணினவரு!" என்று பேச்சியம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கத்தினாள். யாரும் அவளை நேராகப் பார்க்கவில்லை.

உக்கிரபாண்டி ஊர்ப் பெரியவர்கள் பக்கம் போய், "போலீசு, ஆஸ்பத்திரின்னு போனா அறுத்துத்தான் குடுப்பான். பாவம், பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துருவோம். செலவு எங்களது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் தலையாட்டினார்கள்.

ஒரு செம்பில் தண்ணீர் வாங்கி, பேச்சியம்மா புருஷனின் முகத்தைத் துடைத்தாள். கையைத் துடைத்தாள். காலுக்கு வந்ததும் முந்தானையால் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். முழங்காலில் இருந்து பாதம் வரை நாவல்பழ நிறம். அது போகவே இல்லை.

"ஏக்கா" என்று நிமிர்ந்தாள். எதிரே நின்றவள் வெள்ளத்தாய்தான். "கெணத்துல விழுந்தவருக்கு முழங்கால் வரைக்கும் சாயம் எப்படிக்கா ஏறும்?"

உக்கிரபாண்டி திரும்பி வந்தார். "தோட்டத்துல வேல பாத்தவன்தானம்மா? திராட்சைக் கறை."

"காலைல தேச்சுக் கழுவிட்டுத்தான் கஞ்சி குடிச்சாரு. நாந்தான் தண்ணி ஊத்தினேன்."

"இப்ப அதையா ஆராயுற? ஆக வேண்டியதப் பாரு."

கூட்டத்தில் ஒரு பெண் அலுத்துக்கொண்டாள். "குடிச்சே செத்தவனுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு?"

பேச்சியம்மாவின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. அழுகையும் நின்றுவிட்டது. அந்த முகத்தை வெள்ளத்தாயால் பார்க்க முடியவில்லை. இவள் புருஷனைத் தின்றாகிவிட்டது. இப்போது அவன் செய்த சத்தியத்தையும் தின்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

"அவன் குடிக்கல" என்றாள் வெள்ளத்தாய்.

சத்தம் மெல்ல அடங்கியது. உக்கிரபாண்டி, "ஏம்மா, நீ உள்ள போ" என்றார்.

"அவன் கெணத்துல விழல. எங்க தொட்டிக்குள்ள செத்தான். சக்கைய அள்ள நாந்தான் எறக்கிவிட்டேன். அந்தக் காத்துல மூச்சு முட்டிப் போச்சு. ஒடம்புல அடிக்கிறது தொட்டி வாடை. அவன் ஒரு வாய் குடிச்சதில்ல."

சுந்தரபாண்டியன் பந்தல் தூணில் சாய்ந்து தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை. கிணற்றில் போட்டது யார் என்று சொல்லவில்லை. போன் வந்ததையும் சொல்லவில்லை. தன் பங்கை மட்டும் சொன்னாள்.

பேச்சியம்மா எழுந்து அவள் அருகில் வந்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெள்ளத்தாயும் நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"அண்ணாச்சி வெளக்கு எறக்காம யாரையும் உள்ள விடமாட்டாகன்னு வீட்டுல சொல்லுவாரு" என்றாள் பேச்சியம்மா மெதுவாக. "இன்னைக்கு அவரு வெளக்குக் கேக்கலையாக்கா?"

வெள்ளத்தாய் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"கேட்டான்" என்றாள்.

அதற்கு மேல் அங்கே யாரும் எதையும் மூடி மறைக்க முடியவில்லை. தலையாரி சைக்கிளை எடுத்தார். ஸ்டேஷனில் இருந்து சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். கிட்டங்கியைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். உடலை ராஜபாளையம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பேச்சியம்மாவும் அதே வண்டியில் ஏறினாள். விசாரிக்க வேண்டும் என்று சுந்தரபாண்டியனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

"நீங்க நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்கு வந்து முழுசாச் சொல்லணும்மா. கெணத்துல போட்டது யாரு, எதுக்கு இப்படி அவசர அவசரமாத் தொட்டியக் காலி பண்ணுனீங்க, எல்லாம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஜீப்பு நகரும்போது வெள்ளத்தாய் புருஷனைப் பார்த்தாள். அவன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குப் போனாள். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழேதான். உக்கிரபாண்டியின் மனைவி அங்காளம்மாள் விளக்குக் கூடப் போடாமல் முற்றத்தில் நின்றிருந்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், அவள் தடாலென்று வெள்ளத்தாயின் காலில் விழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பேர மட்டும் சொல்லிராத வெள்ளத்தாயி. போன் பண்ணினது அவிய இல்லேன்னு சொல்லிரு. கல்யாணத்துக்கு நிக்கிற ரெண்டு பொட்டப்புள்ளைகள வச்சிருக்கேன்."

"எந்திரிங்க மதினி..."

"சொல்லமாட்டேன்னு சொல்லு. பொறவு எந்திரிக்கேன்."

வெள்ளத்தாய் அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். அந்தப் பெண் பிள்ளைகள் இரண்டும் அடுப்படி வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தாங்க முடியாமல் வெளியே வந்தாள். கையில் எதுவும் எடுக்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பேச்சியம்மா ஆஸ்பத்திரியில் தனியாக இருப்பாள் என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

ராஜபாளையத்தில் இறங்கியபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்குப் போகிற பாதையில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் பேச்சியம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் தனியாக இல்லை.

பக்கத்தில் உக்கிரபாண்டி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஏட்டய்யா என்கிற மிடுக்கெல்லாம் இல்லாமல், துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர் மாதிரி.

வெள்ளத்தாய் மரத்தின் இந்தப் பக்கம் நின்றாள். அவர் குரல் தாழ்ந்திருந்தாலும் தெளிவாகக் கேட்டது.

"எந்தம்பி காலைல இருந்து ஊர்லயே இல்ல, ஆத்தா. நானும் டியூட்டில இருந்தேன். வெளக்குக் கேட்டும் குடுக்காம ஒம்புருஷன எறக்கிவிட்டது யாரு? அவ. பயத்துல கெணத்துல தள்ளுனது யாரு? அவளேதான், இழுத்துட்டுப் போயி. நாங்க வந்து பாக்கும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. நாளைக்கு ஒங்கிட்டக் கேட்டா, ஊரு முன்னால அவ ஒத்துக்கிட்டான்னு சொல்லு. அதுவே நெசந்தான? நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டியதில்ல."

பேச்சியம்மா தரையில் கிடந்த வேப்பங்குச்சியை ஒடித்துப் போட்டாள்.

"எந்தம்பியும் ஸ்டேஷன்ல அப்படித்தான் சொல்லியிருக்கான்" என்றார் உக்கிரபாண்டி.

வெள்ளத்தாய் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அது பொய்யாக இருக்கலாம். மச்சான் போலீஸ்காரர், ஆளை மடக்குவதற்கு எதையும் சொல்வார். ஆனால் ஜீப்பில் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போன அந்த முகம் அவள் கண்முன் வந்து நின்றது.

பேச்சியம்மா பிணவறைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்பது போல மெல்லத் தலையை ஆட்டினாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போக ஒரு வீடு இல்லை என்பது அடுத்த கணம் உறைத்தது. வெள்ளத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரத்தைச் சுற்றி வெளிச்சத்துக்கு வந்தாள்.

"மச்சான்" என்று கூப்பிட்டாள். "அம்புட்டு ஆழத் தொட்டிக்குள்ள இருந்து நான் ஒத்த ஆளா எப்படித் தூக்கினேன்னும் அவகிட்டச் சொல்லிட்டுப் போங்க."

உக்கிரபாண்டி எழுந்து நின்றார். பேச்சியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.